உணவுக் கடைக்காரர் அறிய வேண்டிய சட்டதிட்டங்கள்

மலேசியாவில் சாப்பாட்டுக் கடை நடத்தும் நம் சகோதரர்களில் பலரிடம், "கடைக்கு வேண்டிய அனுமதிகள் யாவும் ஒழுங்காக இருக்கின்றனவா?" என்று கேட்டால், சுவரில் தொங்கும் நகராண்மைக் கழக லைசென்ஸைக் காட்டுவார்கள். பாட்டனார் காலத்தில் அது போதுமானதாக இருந்திருக்கலாம். இன்று போதாது. உணவுக்கடைக்காரர் மூன்று நான்கு இலாகாக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். ஒன்று கொடுத்த காகிதம் இன்னொன்றின் முன் செல்லாது. இதைப் பிரித்தறிவதே முதற் பாடமாகும்.

லைசென்ஸ் தருவது நகராண்மைக் கழகம். ஆனால் 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகளின்படி, கடையைச் சுகாதார அமைச்சிலும் பதிவு செய்து, அந்தச் சான்றிதழைப் பார்வையான இடத்தில் மாட்டி வைக்க வேண்டும். விலைப்பட்டியல் வைத்திருக்கிறோமா என்று பார்ப்பது உள்நாட்டு வாணிப அமைச்சு. ஹலால் விஷயம் ஜாக்கிமுக்கும் மாநில இஸ்லாமிய சமய அதிகாரிகளுக்கும் உரியது. இவர்களில் யார் வந்தாலும் "சுகாதாரக்காரர் வந்துவிட்டார்" என்று அலறிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடுவது நம் சிப்பந்திகளின் வழக்கம். வந்தவர் யார், எதைப் பார்க்க வந்தார் என்று கல்லாவில் இருப்பவராவது அறிந்திருக்க வேண்டும்.

இவற்றில் மிகக் கடுமையானது, 1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்து 11ஆவது பிரிவு. கடை அசுத்தமாக இருக்கிறது என்று கண்டால், பதினான்கு நாட்கள் வரை அதை மூடும்படி உத்தரவிட அப்பிரிவு இடங்கொடுக்கிறது. பதினான்கு நாள் என்றால் என்ன? வாடகை நிற்காது. ஆட்களின் சம்பளம் நிற்காது. வாங்கி வைத்த மீனும் கோழியும் பாலும் வீண். தினமும் காலையில் பசியாற வந்தவர் எதிர்க்கடைக்குப் போய், அங்குள்ள தேநீருக்கு நாக்கைப் பழக்கிக் கொள்வார். இவற்றையெல்லாம் ஒருவாறு ஈடு செய்துவிடலாம். ஆனால் ஒரு கடை மூடப்பட்டால், எலி எச்சத்தின் படம் ஊரெல்லாம் சுற்றும்போது, ஜனங்கள் அந்தக் கடையின் பெயரையா சொல்கிறார்கள்? "மாமாக் கடை" என்றுதான் சொல்கிறார்கள். குற்றம் ஒருவருடையது, பேச்சு நம் எல்லோர் மீதும்.

அடுத்தது ஆட்கள் விஷயம். உணவைக் கையாளும் ஒவ்வொருவரும், அவர் சமையற்காரரானாலும், தண்ணீர் கலக்குபவரானாலும், ரொட்டி சானாய் வீசுபவரானாலும், டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். அமைச்சு ஏற்றுக்கொண்ட பள்ளியில் உணவு கையாள்வோர் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். தவறினால் பத்தாயிரம் வெள்ளி வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ விதிக்கலாம்.

"ஆள் திடகாத்திரமாக இருக்கிறானே, ஊசி எதற்கு?" என்று கேட்பவர் உண்டு. அவர்கள் மேரி மல்லன் என்ற சமையற்காரியின் வரலாற்றை அறிய வேண்டும். நியூயார்க் நகரில் பல வீடுகளில் சமைத்தவள். அவள் சமைத்த வீடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக டைபாய்டு கண்டது. அவளோ நல்ல ஆரோக்கியத்துடன் இருந்தாள். நோய்க்கிருமி அவள் வயிற்றில் குடியிருந்தும் அவளை ஒன்றும் செய்யவில்லை. 1907இல் அவளைப் பிடித்துத் தனிமையில் வைத்தார்கள். இனிச் சமைப்பதில்லை என்ற வாக்கின் பேரில் 1910இல் விட்டார்கள். 1915இல் ஓர் ஆஸ்பத்திரியில் வேறு பெயரில் சமைத்துக் கொண்டிருந்தவளை மறுபடியும் கண்டுபிடித்தார்கள். 1938இல் இறக்கும் வரை அவள் தனிமையிலேயே இருந்தாள். ஆளின் உடம்பைப் பார்த்து நோயை அறிய முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. இந்த ஊசியின் பலன் மூன்றாண்டு. பிறகு மறுபடியும் போட வேண்டும். ஊசியும் முழுக் காவலன்று. கழிப்பறைக்குச் சென்றவர் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாவிட்டால், அட்டையில் உள்ள முத்திரை கிருமியைத் தடுக்காது.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஊசி போடாமலே அட்டை வாங்கித் தருகிறேன், வகுப்பில் உட்காராமலே சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று வரும் தரகர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சில வெள்ளி மிச்சம் என்று பார்ப்பவர், நூறு பேர் உண்ணும் சோற்றில் பொய்யைக் கலக்கிறார். ஊரிலிருந்து புதிதாக வந்த ஆளுக்கு மலாயில் நடக்கும் பாடம் பாதிதான் விளங்கும். அன்று இரவே கடை சாத்திய பிறகு அரைமணி நேரம் உட்கார்த்தி, தமிழில் அதை எடுத்துச் சொல்வது முதலாளியின் கடமை.

இனி அடுப்படிக்கு வருவோம். ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. நம் நாட்டு வெயிலில் மூடி வைத்த சோறும் ஆணமும் நாள் முழுதும் இருப்பது இந்தச் சூட்டில்தான். சோற்றில் வாழும் ஒருவகைக் கிருமியின் வித்து, கொதிநீரிலும் சாவதில்லை. சோறு ஆறிக் கிடக்கும்போது அது முளைத்து நஞ்சைக் கக்குகிறது. அந்த நஞ்சு, மறுபடி சூடு காட்டினாலும் போவதில்லை. "நேற்றைய சோறுதான், நன்றாகப் பொரித்துவிட்டேன்" என்று நாசி கோரெங் போடுபவர் இதை நினைவில் வைக்க வேண்டும். சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்று சுகாதார அமைச்சு சொல்வதன் காரணமும் இதுவே.

பெரிய பானையில் மிஞ்சிய ஆணம் இன்னொரு ஆபத்து. ஓரம் ஆறினாலும் நடுவில் வெதுவெதுப்பு பல மணி நேரம் தங்கும். பானையோடு குளிர்ப்பெட்டிக்குள் வைப்பது வீண். அகலமான ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து ஊற்றிச் சீக்கிரம் ஆற வைத்து எடுத்து வைக்க வேண்டும். முந்தின நாள் ஆணத்தைப் புதிய ஆணத்தில் கலந்தால்தான் ருசி என்று சில சமையற்காரர்கள் வாதிப்பார்கள். கைதேர்ந்தவருக்கு ருசி மசாலையிலேயே வரும் என்பது என் அபிப்பிராயம்.

ஹலால் விஷயத்தில்தான் நம்மவரிடம் அதிக அலட்சியம். "நானே முஸ்லிம், எனக்கெதற்குச் சான்றிதழ்?" என்கிறார்கள். சான்றிதழ் எடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்பது மெய். ஆனால் 2012 ஜனவரி 1 முதல், உணவை ஹலால் என்று எழுதி விளம்பரம் செய்பவர், ஜாக்கிமின் அல்லது மாநில அதிகாரிகளின் சான்று பெற்றிருக்க வேண்டும். நாமே அச்சடித்த ஹலால் பலகை செல்லாது. சான்றிதழ் எடுக்கும்போது, அடுப்படிக்குள் வரும் ஒவ்வொரு சாஸ் புட்டிக்கும் மூலம் கேட்பார்கள். இது நமக்கே நல்லது. சரக்குக்காரர் விலை மலிவென்று வேறு முத்திரை புட்டியை அனுப்பிவிடுவார். பெட்டியைப் பிரிப்பவர் கவனிக்கமாட்டார். ஜனங்கள் நம் தொப்பியையும் பெயரையும் நம்பித்தான் கேள்வி கேட்காமல் கைகழுவி உட்காருகிறார்கள். அது அமானத்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2019 முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைப்பது தடை. 2024 அக்டோபர் முதல் புதிய சட்டம் நடப்பில் உள்ளது. அறிவிப்புப் பலகை அவசியம். 2024 மார்ச்சில் சேவை வரி பல துறைகளில் எட்டு விழுக்காடானது. உணவுக்கும் பானத்துக்கும் ஆறாகவே நிறுத்தினார்கள். வரி வசூலிக்கும் பெரிய கடைக்காரர், அரைகுறையாகக் கேட்டு எட்டு வாங்கினால் வாடிக்கையாளருக்கு அநியாயம். தேநீர் மேசையில் கேட்ட செய்தியை வைத்துக் கணக்குப் போடக்கூடாது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

கல்லாப் பெட்டிக்குள் ஒரு நோட்டு வையுங்கள். ஆளின் பெயர், ஊசி போட்ட தேதி, பயிற்சி முடித்த தேதி, லைசென்ஸும் பதிவும் ஹலால் சான்றும் முடியும் தேதி ஆகியவற்றை அதில் எழுதுங்கள். பள்ளியில் படித்த மகனோ மகளோ இருந்தால், மாதம் ஒருமுறை அமைச்சின் அறிக்கைகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். விளங்காததை இலாகாவிலேயே நேரில் போய்க் கேளுங்கள்; கேட்டவரை அவர்கள் கடிந்ததில்லை. ஆள் மாறும் மாதத்தில் நோட்டை முதலில் பாருங்கள். பழைய ஆள் தன் அட்டையோடு போயிருப்பார். புதியவருக்கு அட்டை இருக்காது.