சீலிங் பூச்சு ஏன் உதிர்கிறது?



சுவர்ப் பூச்சு உதிர்ந்தால் தரைதான் அழுக்காகும். சீலிங் பூச்சு உதிர்ந்தால் கீழே படுத்திருப்பவர் தலையில் விழும். ஆனாலும் நம் எஸ்டிமேட் நோட்டில் சீலிங்குக்கு ஒரே வரி: '1:3 கலவை, 6 மி.மீ. கனம்'. ஏன் வெறும் 6 மி.மீ.? பத்துக்குப் பத்தடி அறையை எடுத்துக் கொள்ளுங்கள். கலவையின் எடை கன மீட்டருக்கு 2100 கிலோ என்று வைத்தால், 6 மி.மீ. பூச்சே சுமார் 117 கிலோ. கான்கிரீட் மேடு பள்ளமாக இருக்கிறதென்று 25 மி.மீ. அப்பினால் 490 கிலோ! இத்தனையையும் பிடித்துக் கொண்டிருப்பது ஒட்டு மட்டும்தான்.

அந்த ஒட்டு ஏன் விடுகிறது? தகரம், பிளைவுட் வைத்து சென்ட்ரிங் அடித்தால் கான்கிரீட்டின் அடிப்பக்கம் வழவழவென்று வரும். பலகையில் தடவிய எண்ணெயும் ஒட்டியிருக்கும். பிரித்தவுடன் நெருக்கமாகக் கொத்து விட்டு, கழுவி, சிமெண்ட் பால் அடித்துப் பூச வேண்டும். 'யாருய்யா அண்ணாந்து கொத்துறது' என்று பல இடங்களில் விட்டு விடுகிறார்கள். கொத்துகிறவர் கண்ணில் தூள் விழுவதும் நிஜம்தான். என் அப்பா கொத்தனார், எனக்குத் தெரியும்.

பழைய வீட்டில் கதை வேறு. மாடித் தட்டோட்டின் விரிசல் வழியாக மழைத் தண்ணீர் இறங்கும். கான்கிரீட்டின் காரத்தன்மைதான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வருஷக்கணக்கில் உள்ளே ஊறி அந்தக் காரத்தைக் குறைத்து விடும். கவர் குறைவாக இருந்தால் சீக்கிரமே கம்பிவரை போய்விடும். துருவோ, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். இடம் ஏது? கான்கிரீட்டைப் பிளக்கும். கம்பி ஓடும் திசையிலேயே நேராக விரிசல் தெரிந்தால் அது பூச்சு நோய் இல்லை, கம்பி நோய்.

அப்பா சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியால் சீலிங்கைத் தட்டிக் கொண்டே போவார். 'டங்' என்றால் பிடிப்பு. 'டொப்' என்றால் பொள்ளல். "கண்ணால பாக்காதடா, காதால கேளு" என்பார். ஒரு வாடகை வீட்டில் பாதி அறை 'டொப்' என்றது. வீட்டுக்காரர், "மேலாப்புல ஒரு பூச்சு பூசி வெள்ளையடிச்சுடுப்பா" என்றார். "அது இன்னும் வெயிட்டுத்தானுங்க ஏத்தும். கீழ புள்ளைங்க படுக்குதுங்க" என்று அப்பா மறுத்துவிட்டார். அந்த வேலை வேறொருவருக்குப் போனது. அப்பா சொன்னதற்கான கணக்கைத்தான் மேலே போட்டிருக்கிறேன்.

சரியான வழி இது. முதலில் மாடி ஒழுக்கை அடைக்கணும். அதை விட்டுவிட்டு கீழே என்ன செய்தாலும் வீண். பிறகு முட்டுக் கொடுத்து, பொள்ளல் முழுவதையும் தட்டி எடுத்து, கம்பியின் பின்பக்கமும் தெரியும்படி கொத்தி, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்க்க வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி கட்டணும். அதை இன்ஜினீயர் பார்த்து முடிவு செய்ய வேண்டும், நாமாக அல்ல. ஆழமான குழியை ஒரே தடவையில் அடைத்தால் தொங்கி விழும். அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். கடைசியில்தான் மட்டப்பலகை பிடித்து 6 மி.மீ. பூச்சு. வழவழப்புக்குப் பட்டி பூசுவது நன்றாகக் காய்ந்த பிறகு.

இதெல்லாம் வேண்டாம், ஜிப்சம் போர்டில் ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்து விடலாம் என்பவர்கள் உண்டு. நல்ல சீலிங்குக்கு அது அழகு. துருப்பிடித்ததற்குப் போட்டால் அப்புறம் விரிசலும் தெரியாது, சுத்தியலும் பேசாது.

இன்னொன்று. சீலிங்கில் தண்ணீர் தேங்காது. அதனால் குறைந்தது 7 நாள் காலையும் மாலையும் தெளித்தே ஆகணும். பூசிய கொத்தனார் மறுநாள் வேறு சைட்டில் இருப்பார். எஸ்டிமேட் எழுதும்போது தண்ணீர் தெளிக்கிற ஆளுக்குக் கூலியைத் தனி வரியாக எழுதி விடுங்கள்.