புஷ்ஷுக்கு எதற்கு ஆயில்?

பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்த யோசனை கட்டாயம் வந்துவிடுகிறது: "பின்னாடி கீச் கீச்சுன்னு சத்தமா? வாட்டர் சர்வீஸ் விடும்போது அடியில ஆயில் அடிக்கச் சொல்லுங்க, சரியாயிடும்." பல சர்வீஸ் ஸ்டேஷன்களில் கேட்காமலேயே டீசலையும் பழைய இன்ஜின் ஆயிலையும் கலந்து அடித்து அனுப்புகிறார்கள். சில நாட்களுக்குச் சத்தம் இருக்காது. அதையே அத்தாட்சியாக வைத்து அந்த யோசனை அடுத்தவருக்குப் போகிறது.

இது முழுக்கத் தவறு. எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் அடங்க மறுக்கிற தவறு.

பின் சஸ்பென்ஷன் புஷ் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்புக் குழாய்களை வைத்து, நடுவில் ரப்பரை ஒட்ட வார்த்த உருளை. பழைய ஆல்ட்டோவில் பின் ஆக்சிலைப் பிடித்திருக்கும் டிரெய்லிங் ஆர்ம்களின் முனைகளில் இருப்பது இதுதான். போல்ட்டை இறுக்கியதும் உள் குழாய் அசையாமல் நின்றுவிடும்; வெளிக் குழாய் ஆர்மோடு சேர்ந்து திரும்பும். சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் நடுவில் உள்ள ரப்பர் முறுக்கிக்கொண்டு, மறுபடி பழைய நிலைக்கு வருகிறது. நல்ல புஷ்ஷில் எதுவும் எதன் மேலும் உரசுவதே இல்லை. உரசல் இல்லாத இடத்தில் ஆயிலுக்கு என்ன வேலை?

வேலை இல்லாததோடு கெடுதலும் உண்டு. இத்தகைய புஷ்களில் பெரும்பாலும் இயற்கை ரப்பர்தான் இருக்கும். குமரி மாவட்டத் தோட்டங்களில் மரத்தைச் சீவி எடுக்கும் பாலிலிருந்து கிடைக்கும் அதே சரக்கு. லட்சக்கணக்கான முறை முறுக்கினாலும் தாங்கும். ஆனால் பெட்ரோலியத்திலிருந்து வரும் எந்த எண்ணெயும் அதற்கு ஆகாது. எண்ணெயை உறிஞ்சி உப்பும், மெதுமெதுப்பாகும், கடைசியில் இரும்போடு ஒட்டியிருந்த பிடியை விடும். இன்ஜின் ஆயில் சீலை நைட்ரைல் போன்ற வேறு ரப்பரில் செய்வது இதனால்தான். நம்பாதவர்கள் சாதாரண ரப்பர் பேண்ட் ஒன்றை இன்ஜின் ஆயிலில் இரண்டு நாள் ஊறப்போட்டு, ஊறாத ஒன்றோடு சேர்த்து இழுத்துப் பார்க்கட்டும்.

அப்படியானால் சத்தம் ஏன் நின்றது? புஷ் ஏற்கெனவே கிழிந்திருந்தது. கிழிந்த ரப்பர் இரும்பில் உரசியதால்தான் சத்தமே வந்தது. ஆயில் அந்த உரசலை மூடி மறைத்தது. கிழிசல் அப்படியே இருக்கிறது. வேகத்தடையில் பின்பக்கம் 'தட்' என்று இடிப்பதும், வளைவில் வண்டியின் பின்பாதி தனியாக அசைவது போல் தோன்றுவதும் நிற்கவில்லை என்பதைக் கவனித்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது புரியாத விஷயம் அல்ல. லாரிகளின் லீஃப் ஸ்பிரிங் ஷேக்கிள்களில் உலோக புஷ்ஷும் அதற்குள் திரும்பும் பின்னும் உண்டு. கிரீஸ் நிப்பிள் வைத்திருப்பதே அதற்குத்தான். அங்கே கிரீஸ் அடிக்காவிட்டால் தேய்ந்துவிடும். லாரிக்குச் சொன்னதை ரப்பர் புஷ்ஷுக்கும் சொல்வதுதான் தப்பு. "துரு பிடிக்காதே" என்ற வாதமும் எடுபடாது. துருவுக்கு முறையான அண்டர் கோட்டிங் இருக்கிறது. புஷ்ஷையும் பிரேக் டிரம்மையும் மறைத்துவிட்டுத்தான் அதையும் அடிக்க வேண்டும்.

அடித்த ஆயில் எங்கே போகிறது என்பதையும் யாரும் கேட்பதில்லை. அடுத்த மழையில் சாலைக்கும், சாக்கடைக்கும், அங்கிருந்து ஏரிக்கும் போகிறது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பயன்படுத்திய ஆயிலும் அபாயகரக் கழிவுதான். ஏரியைத் தூர்வாரக் கோரி மனு கொடுக்கும் ஊர்க்காரர்கள், அதன் கரையில் உள்ள சர்வீஸ் ஸ்டேஷனையும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

புஷ்ஷை வீட்டிலேயே மாற்ற நினைப்பவர்களிடம் புழங்கும் மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை.

"பழைய ரப்பரை எரித்தால் சுலபமாக வரும்." பெட்ரோல் டேங்கும் பிரேக் ஹோஸும் பக்கத்திலேயே இருக்கும்போது நெருப்பா? ஆர்மைக் கழற்றி எடுத்து, நீண்ட போல்ட், கனமான வாஷர், பொருத்தமான அளவில் இரண்டு சாக்கெட் வைத்து இழுத்தால் புஷ் வரும். பிடிவாதம் பிடித்தால் ஹேக்ஸா பிளேடால் வெளிக் குழாயை மட்டும் கீறிவிடலாம். துருவேறிய போல்ட்டுக்குத் துரு நீக்கும் ஆயில் தாராளமாக விடலாம்; அந்த ரப்பர் குப்பைக்குத்தானே போகிறது. புதியதை ஏற்றும்போது சோப்புத் தண்ணீர் போதும்.

"பாலியூரித்தேன் போட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை." இறுக்கம் கூடும், அதிர்வும் உள்ளே வரும். "சத்தம் வரும் பக்கம் மட்டும் மாற்றினால் போதும்." இரு பக்கமும் ஒரே வயது, ஒரே சாலை, சேர்த்தே மாற்றுங்கள்.

"ஜாக்கியில் இருக்கும்போதே எல்லாவற்றையும் டைட் செய்துவிடலாம்." இது மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டியது. ஆர்ம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரைக்கு இறங்கியதும் புது ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு பள்ளமும் அந்த முறுக்கைக் கூட்டும். புஷ் சீக்கிரமே கிழியும். போல்ட்டைத் தளர்வாக விட்டு, வண்டியின் எடை சக்கரத்தின் மேல் வந்த பிறகு, மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும்.

கடைசியாக, "ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறேனே" என்பவர்களுக்கு. ஆல்ட்டோவில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அவை அந்தரத்தில் இருக்கும்போது அதனால் பயன் இல்லை. முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், கியரிலும் போடுங்கள். பின்சக்கர இயக்கம் கொண்ட அம்பாசடரில் அந்தக் கியரும் உதவாது, கட்டை மட்டுமே காவல். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். சமதளத்தில் இரண்டு உறுதியான ஸ்டாண்டுகள் பாடியைத் தாங்காதவரை வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள்.