ஒன்பதாம் வகுப்பிலிருந்து தொடங்கு

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. ஒன்பதுக்கும் பத்துக்கும் ஆங்கிலம் உன் பொறுப்பு என்றும், ஆறு முதல் பத்து வரை ஆங்கிலப் பாடம் எப்படி நடக்கிறது என்பதையும் நீயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் தலைமையாசிரியர் சொன்னதாக எழுதியிருந்தாய். வேலையில் சேர்ந்த கையோடு இப்படி ஒரு பொறுப்பு வந்தது எனக்குச் சந்தோஷம். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். ஒன்பதாம் வகுப்பிலிருந்து தொடங்கு.

ஏன் என்று சொல்கிறேன். நம் பள்ளிகளில் ஆங்கிலப் பாடம் பத்தாம் வகுப்பு வினாத்தாளை வைத்துத்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. 2019-20இல் ஆங்கிலத்தின் இரண்டு தாளையும் ஒரே தாளாக்கிய பிறகு அதன் மதிப்பெண் கணக்கு எல்லா ஆசிரியருக்கும் மனப்பாடம். ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 14, இரண்டு மதிப்பெண்ணுக்கு 20, ஐந்து மதிப்பெண்ணுக்கு 50, எட்டு மதிப்பெண்ணுக்கு 16. மனப்பாடப் பாடலில் 5, படத்தைப் பார்த்து எழுதுவதில் 5, வழிகாட்டும் வரைபடத்தில் 2 என்று கூட்டிக்கொண்டே போனால் தேர்ச்சிக்கு வேண்டிய 35ஐ எட்டிவிடலாம். மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மினிமம் மெட்டீரியல் முழுக்க இந்தக் கூட்டல்தான். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வீட்டில் ஆங்கிலமே காதில் விழாத எத்தனையோ பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருக்கிறார்கள். ஆனால் அது அரையாண்டுக்குப் பிறகு செய்ய வேண்டிய வேலை. அதையே ஜூனில் ஆரம்பித்து, ஒன்பதிலும் எட்டிலும்கூட அப்படியே நடத்தினால் பிள்ளைக்கு ஆங்கிலம் எப்போது வரும்?

அந்த வரைபடக் கேள்வியையே எடுத்துக்கொள். தெருப்படம் ஒன்றைக் கொடுத்து, வழி கேட்கும் ஒருவருக்கு வழி சொல்லச் சொல்வார்கள். கட்டாய வினா. 'கோ ஸ்ட்ரெய்ட், டர்ன் லெஃப்ட்' என்று நெட்டுருப் போட்ட பிள்ளை, படத்தில் வங்கி வலப்பக்கம் இருந்தாலும் ஆளை இடப்பக்கம் திருப்பிவிடும். விடைத்தாள் திருத்தும் முகாம்களில் இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வேதனையாகவே இருக்கும். அதே பிள்ளையை வராந்தாவில் நிறுத்தி, பள்ளி கேட்டிலிருந்து சத்துணவுக் கூடத்துக்கு எப்படிப் போவது என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொல். தட்டுத் தடுமாறும், நடுவில் தமிழ் வரும், ஆனாலும் வழியைச் சரியாகச் சொல்லும். அது சொன்னதை அப்படியே கரும்பலகையில் எழுது. பிழையை வகுப்பே திருத்தட்டும்.

இதற்கெல்லாம் பத்தாம் வகுப்பில் நேரம் கிடைக்காது. ஒன்பதில் கிடைக்கும். அங்கே பொதுத்தேர்வு இல்லை, தேர்ச்சி சதவீதம் என்று ஆய்வுக் கூட்டத்தில் உன்னை யாரும் நிற்கவைத்துக் கேட்கப்போவதில்லை. புத்தகமும் நன்றாகவே இருக்கிறது. ஒவ்வொரு அலகிலும் ஓர் உரைநடை, ஒரு கவிதை, ஒரு துணைப்பாடம், அவற்றோடு கேட்கவும் பேசவும் எழுதவும் பயிற்சிகள். கேட்டல் பயிற்சியைத்தான் எல்லோரும் முதலில் கைவிடுவார்கள், தேர்வுக்கு வராது என்பதால். நீ கைவிடாதே. பகுதியை நீயே நிதானமாக இரண்டு தடவை வாசித்தால் போதும், கருவி எதுவும் வேண்டாம்.

அந்தப் புத்தகத்தில் நேரு மகளுக்கு எழுதிய பிறந்தநாள் கடிதம் இருக்கிறது. 1930இல் நைனி சிறையிலிருந்து எழுதியது. இந்திராவுக்கு அப்போது பதின்மூன்று வயது நிறையப்போகிறது, உன் பிள்ளைகளுக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். பாடத்தை நடத்தி முடித்ததும் கேள்வி பதிலுக்குப் போய்விடாதே. வெளியூரில் வேலை பார்க்கும் அப்பாவுக்கோ, ஊரில் இருக்கும் ஆச்சிக்கோ ஆறு வரி எழுதச் சொல். கைடில் பார்த்து எழுத முடியாது, ஏனென்றால் அவரவர் ஆச்சி கைடில் இல்லை. எழுதியதில் எல்லாப் பிழையையும் சிவப்பு மையால் சுழிக்காதே. இந்த வாரம் இறந்தகால வினை மட்டும், அடுத்த வாரம் பன்மை மட்டும் என்று ஒவ்வொன்றாகத் திருத்து. நோட்டு முழுக்கச் சிவப்பாக வந்தால் பிள்ளை அடுத்த முறை இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்ளும்.

துணைப்பாடத்துக்கு வாரத்தில் ஒரு பாடவேளையை ஒதுக்கி, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காதே. கணக்கு வாத்தியார் கேட்டாலும் கொடுக்காதே. ஒன்பதில் அசிமோவின் கதை, பத்தில் 'டெம்பெஸ்ட்', முலான், ஜூல்ஸ் வெர்ன் என்று எல்லாமே பிள்ளைகள் விரும்பிப் படிக்கக்கூடியவை. எந்திரம் பாடம் நடத்தும் காலத்தில் ஒரு சிறுவனுக்குப் பழைய காகிதப் புத்தகம் கிடைப்பதுதான் அசிமோவின் கதை. அதை வரிக்கு வரி தமிழ்ப்படுத்திக் கொன்றுவிடாதே. ஆளுக்கு ஒரு பத்தி வாய்விட்டு வாசிக்கட்டும். தெரியாத சொல்லை நிறுத்திக் கேட்டால் சொல், கேட்காவிட்டால் கதை ஓடட்டும்.

அடுத்து ஆறு, ஏழு, எட்டு. அங்கே நடத்துகிறவர்கள் உன்னைவிட மூத்தவர்கள். கட்டளையாகச் சொன்னால் எடுபடாது. மாதம் ஒரு முறை மதிய இடைவேளையில் சேர்ந்து உட்காருங்கள். வகுப்புக்கு ஒன்று என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்: ஆறில் எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் திக்காமல் வாசிக்க வேண்டும், ஏழில் சொந்தமாக ஐந்து வாக்கியம், எட்டில் ஒரு பத்தி, ஒன்பதில் ஒரு கடிதம். பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு, சொந்த எழுத்துக்கு மட்டும். ஆறாம் வகுப்பில் தொடங்கும் அந்த நோட்டு பிள்ளையோடு மேலே வரட்டும். இப்போது ஒவ்வொரு ஜூனிலும் ஆசிரியர் மாறுகிறார், நோட்டு மாறுகிறது, பிள்ளைக்கு என்ன தெரியும் என்றே தெரியாமல் மறுபடியும் நவுன், வெர்ப் என்று தொடங்குகிறார்கள். இதில் ஐந்து வருடமும் வீணாகிறது.

மேல்நிலையில் முதுகலை ஆசிரியையாக இருந்ததால் இதன் விளைவை நான் கண்கூடாகப் பார்த்தவள். பத்தில் எண்பது வாங்கி வரும் பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு விடுப்புக் கடிதம் எழுத வராது. பதினொன்றில் அண்ணாவின் பட்டமளிப்பு விழா உரை, பன்னிரண்டில் கி.ரா.வின் 'நாற்காலி' ஆங்கிலத்தில் என்று பாடம் வைத்திருக்கிறார்கள். கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, பக்கத்து ஊரான இடைசெவலைச் சேர்ந்த கி.ரா.வின் கதை வீட்டுக் கதை மாதிரி. வீட்டுக்கு நாற்காலி வந்ததையும், இறந்தவரை உட்கார வைக்க ஊரார் அதை இரவல் கேட்டு வந்ததையும் தமிழில் சொன்னால் வகுப்பே சிரிக்கும். அதையே ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதச் சொன்னால் கைடைத் தேடும். சொல்ல விஷயம் இருந்தும் எழுதத் துணிவில்லாத அந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

தலைமையாசிரியரிடம் இதையெல்லாம் ஒரே நாளில் கேட்காதே. முதலில் துணைப்பாட வேளையை மட்டும் கேள். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு நோட்டு விஷயத்தைச் சொல். விடுமுறைக்கு வரும்போது ஒன்பதாம் வகுப்புக் கடிதங்களில் பத்துப் பன்னிரண்டு எடுத்து வா, நன்றாக எழுதியவை மட்டும் என்று பொறுக்காதே. எந்தப் பிழையை முதலில் எடுப்பது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
பெரியம்மா