கம்பத்தின் மேல் ஓர் உயிர்

வட இந்தியாவில் மே, ஜூன் மாதங்களில் ‘ஆந்தி’ என்னும் புழுதிப்புயல் வீசும். மரக்கிளைகள் முறிந்து மின்கம்பிகளின் மேல் விழும். தெருவெங்கும் இருள் சூழும். அவ்வேளையில் சில வீடுகளில் ஜெனரேட்டர் எனப்படும் மின்னாக்கி இயங்கத் தொடங்கும்.

மின்னாக்கியின் கம்பியைச் சுவரிலுள்ள பிளக் துளையில் செருகினால் வீடு முழுவதும் விளக்கெரியும் எனச் சிலர் எண்ணுவர். இது பெருந்தவறு. அம்மின்சாரம் வீட்டோடு நில்லாது. வழக்கமாக மின்சாரம் வரும் கம்பி வழியாகவே வெளியேறித் தெருவிலுள்ள மின்மாற்றியை அடையும். 11,000 வோல்ட்டைக் குறைத்து வீட்டிற்கு 230 வோல்ட்டாக வழங்குவது மின்மாற்றியே. எதிர்த்திசையில் மின்சாரம் வந்தால், அதே கருவி அதனைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்திவிடக்கூடும்.

அந்நேரம் லைன்மேன் ஒருவர் கம்பத்தின் மேல் நின்று அறுந்த கம்பியைச் சீர்செய்துகொண்டிருப்பார். துணைமின்நிலையத்தில் மின்சாரம் நிறுத்தப்பட்டதை அறிந்தே அவர் ஏறியிருப்பார். ஆயினும், ஏதோ ஒரு வீட்டிலிருந்து வரும் மின்சாரம் அவர் உயிரைப் பறித்துவிடலாம். நம் வீட்டில் ஒளியேற்ற முனைந்து, அவர் வீட்டு விளக்கை அணைத்துவிடலாகாது.

இதனைத் தடுப்பதே ‘சேஞ்ச்ஓவர்’ எனப்படும் மாற்றுச் சுவிட்சு. தெருவிலிருந்து வரும் மின்சாரம், மின்னாக்கியின் மின்சாரம் ஆகிய இரண்டில் ஒன்றை மட்டுமே அது ஒரு நேரத்தில் வீட்டினுள் விடும். இரண்டையும் ஒருபோதும் சேரவிடாது. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனே இதனைப் பொருத்த வேண்டும். மாற்றுச் சுவிட்சு இல்லாத வீட்டில், விளக்கு, மின்விசிறி போன்றவற்றை மின்னாக்கியிலுள்ள துளையிலேயே நேரடியாக இணைக்க வேண்டும்.

மின்னாக்கியை அறையினுள்ளோ, மூடிய பால்கனியிலோ, சன்னலருகிலோ இயக்கலாகாது. அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உள்ளது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குவோர் அறியாமலேயே உயிரிழக்க நேரிடும். எரிபொருளையும் மின்னாக்கியை நிறுத்தி, சூடு தணிந்த பின்னரே ஊற்ற வேண்டும்.

சொற்பொருள்

மின்மாற்றி – மின்னழுத்தத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும் கருவி
முனைந்து – முயன்று
உரிமம் – அரசு வழங்கும் அனுமதி
ஆகாது – கூடாது

பயிற்சி

1. மின்னாக்கியைச் சுவரிலுள்ள துளையில் இணைத்தால் லைன்மேனுக்கு ஆபத்து நேர்வது எவ்வாறு?
2. மாற்றுச் சுவிட்சு செய்யும் பணி யாது?
3. எதிர்ச்சொல் எழுதுக: இருள், உயர்த்து, நச்சு.
4. அண்டை வீட்டார் ஒருவர் மின்னாக்கியின் கம்பியைச் சுவரில் செருக முயல்கிறார். அவரிடம் நீ பணிவுடன் கூறுவனவற்றை ஐந்து தொடர்களில் எழுதுக.