நீச்சல் குளத்தருகே எந்தச் செடியை நடலாம்?

வீட்டின் பின்புறம் நீச்சல் குளம் கட்டுவோர் அதைச் சுற்றிச் செடிகளை நட விரும்புவார்கள். பூவின் அழகைப் பார்த்து வாங்கினால் மட்டும் போதுமா? வேர், இலை, சாறு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும், மாணவர்களே!

வேர் பருக்குமா?

ஆல், அரசு, அத்தி ஆகியவை இருவித்திலைத் தாவரங்கள். இவற்றின் வேரில் கேம்பியம் என்ற வளர்திசு உண்டு. அதனால் வேர் ஆண்டுதோறும் பருக்கும். ஈரத்தை நாடிச் சிறு விரிசலுக்குள் நுழையும் மெல்லிய வேர், பிறகு பருத்துச் சுவரையும் குழாயையும் பிளந்துவிடும். பனை வகைகள் ஒருவித்திலைத் தாவரங்கள். அவற்றின் சல்லிவேர்கள் எண்ணிக்கையில் கூடுமே தவிர, மரவேர் போலப் பருப்பதில்லை. ஆகவே, கொத்தாக வளரும் அரிக்கா பனையால் ஆபத்து குறைவு.

இலை உதிருமா?

நீரில் விழும் இலை ஒரு கரிமப் பொருள். கிருமிகளைக் கொல்ல வேண்டிய குளோரின் அதனுடன் வினைபுரிந்து செலவாகிவிடும். குளோரின் குறைந்தால் பாசி வளரும்.

உப்பைத் தாங்குமா?

உப்புநீர்க் குளத்தில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 கிராம் உப்பு இருக்கும். கடல்நீரில் சுமார் 35 கிராம். இது குறைவுதான். ஆனால், தெறித்த நீர் ஆவியானபின் உப்பு மண்ணிலேயே தங்கி, நாளடைவில் சேர்ந்துவிடும். அப்போது சவ்வூடுபரவல் வழியாக வேர் நீரை உறிஞ்சுவது தடைபடும். மண் ஈரமாக இருந்தும் செடி வாடும். மலாய்மொழியில் அம்புங்-அம்புங் எனப்படும் கடற்கரைப் புதர் உப்பைத் தாங்கும்.

ஆபத்து உண்டா?

அரளியின் எல்லாப் பாகங்களும் நஞ்சு. அதிலுள்ள ஒலியாண்ட்ரின் இதயத்துடிப்பைக் குலைக்கும். குழந்தைகள் விளையாடும் இடத்தில் அது வேண்டாம். அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த புரோமிலியாட் செடியின் இலைக்குவளையில் மழைநீர் தேங்கும். குளோரின் கலந்த குளத்தைவிட, அந்தக் கையளவு நீரே ஏடிஸ் கொசுவுக்கு ஏற்ற இடம். முட்டை பொரித்தபின் ஏறத்தாழ ஒரு வாரத்தில் கொசு பறந்துவிடும். டிங்கி காய்ச்சலைப் பரப்புவது அதுதான்.

செய்து பாருங்கள்

ஒரே அளவான இரண்டு உருளைக்கிழங்குத் துண்டுகளை எடுங்கள். ஒன்றைச் சாதாரண நீரிலும் மற்றொன்றை 3 தேக்கரண்டி உப்புக் கரைத்த நீரிலும் போடுங்கள். 2 மணி நேரம் கழித்து வளைத்துப் பாருங்கள். எது துவண்டது? அதிலிருந்த நீர் எங்கே போனது?