கொல்லிமலைக் குடும்பத்தின் வேர் தேட: சில கைக்குறிப்புகள்

மூன்று வருஷத்துக்கு முந்தின பொங்கலுக்கு, கோயம்புத்தூரில் படிக்கும் அண்ணன் மகள் பெரிய அட்டை ஒன்றைக் கொண்டுவந்து விரித்தாள். "நம்ம வம்சத்தை வரையணும் சித்தப்பா, பள்ளிக்கூடத்துல கேட்டிருக்காங்க." அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா வரை மடமடவென்று எழுதிவிட்டோம். அதற்கு மேலே பேனா நகரவில்லை. அன்றைக்கு ஆரம்பித்த வேலை இன்னும் முடியவில்லை. ஆனால் எங்கே தேடலாம், எங்கே தேடி ஏமாறலாம் என்று கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது.

அமெரிக்காவில் காட்டை வெட்டிக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தச் சிரமம் குறைவு. அங்கே 1790 முதல் பத்து வருஷத்துக்கு ஒருமுறை குடிக்கணக்கு எடுக்கிறார்கள். 1850 கணக்கிலிருந்து, அடிமைகள் நீங்கலாக, வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரும் உண்டு. 72 வருஷம் கழிந்ததும் தாள்களைப் பொதுவில் வைத்துவிடுகிறார்கள். 1950ஆம் வருஷத்துக் கணக்கு 2022இல் வெளிவந்தது. நம் ஊரில் எண்ணிக்கைதான் வெளியே வரும், பெயர் எழுதிய தாள் வராது. அதனால் நாம் வேறு பக்கமாக மலையேற வேண்டும்.

1. வீட்டில் மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள். ஆனால் நோட்டும் பேனாவுமாக எதிரே போய் உட்காராதீர்கள், வாய் அடைத்துக்கொள்ளும். மிளகு காயப்போடும்போதோ பலாச்சுளை எடுக்கும்போதோ கூடவே உட்கார்ந்து வேலை செய்துகொண்டு கேளுங்கள்.

"உங்க மாமனார் பேரு என்ன?" என்று கேட்டால் பாதிப் பதில்தான் வரும். "நமக்குப் பங்காளி யார் யாரு? யார் வீட்டுல பொண்ணு எடுப்போம்? யார் வீட்டுல எடுக்கவே கூடாது?" என்று கேளுங்கள். பெயர் மறந்தவர்களுக்கும் முறை மறப்பதில்லை. ஒரே குலத்தில் பெண் எடுக்கக் கூடாது என்பதால் பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்ற கணக்கு ஒவ்வொரு கல்யாணப் பேச்சிலும் ஒருமுறை சரிபார்க்கப்படுகிறது. எந்த ஆபீஸ் பதிவேட்டையும் இத்தனை தடவை யாரும் புரட்டியிருக்க மாட்டார்கள்.

2. பழைய தலைமுறைப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். எங்கள் அப்பாயியிடம் தாத்தாவின் முழுப்பெயரைக் கேட்டபோது சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தைக் காட்டினார். "வேலுச்சாமியா?" தலையை ஆட்டி மறுத்தார். "பழனியா?" சிரித்தார். "பழனிச்சாமியா, பழனியப்பனா?" அதற்கு மேல் படத்தில் அடையாளம் இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டு நாத்தனாரைக் கூப்பிட்டுத்தான் முடிந்தது. ஒரு ஆணின் பெயரை அவர் தங்கையிடம் கேட்பதே சுருக்கு வழி.

3. ஒரு தம்பதிக்கு ஒரு தாள். ஆண், பெண் பெயர், பிள்ளைகள், அவர்கள் கட்டிக்கொண்ட இடம். பெண்ணின் பிறந்த ஊரை விட்டுவிடாதீர்கள். ஆண் வழியை மட்டும் எழுதினால் இரண்டு தலைமுறையில் முட்டுச்சந்து. தாய்மாமன் வீட்டுக்குப் போனால் அங்கே நம் கதையின் மறுபாதி இருக்கும்.

4. ஊர்ப்பெயரோடு நாட்டின் பெயரையும் எழுதுங்கள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேளூர் நாடு, தேவானூர் நாடு, திண்ணனூர் நாடு என்று மலை பல நாடுகளாகப் பிரிந்து கிடக்கிறது. பட்டி என்றும் பாளையம் என்றும் முடிகிற பெயர்கள் கீழ்நாட்டிலும் ஏராளம். நாட்டின் பெயர் இல்லாமல் வெறும் ஊர்ப்பெயரை மட்டும் குறித்து வைத்த தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. அது எந்த ஊர் என்று இன்றைக்கு எனக்கே தெரியவில்லை.

5. ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம் என்பதால் ஒரு தலைமுறை விட்டு அடுத்த தலைமுறையில் அதே சின்னச்சாமி, அதே வெள்ளையன். அண்ணன் தம்பி நாலு பேருக்கும் அப்பன் ஒருவரே என்பதால் நாலு பேரும் தம் மூத்த பையனுக்கு அதே பெயரை வைத்திருப்பார்கள். இனிஷியலை நம்பிப் பிரிக்க முடியாது. நான் ஆறு மாதம் ஒரு சின்னச்சாமியைப் பின்தொடர்ந்து போனேன். அவர் என் கொள்ளுத்தாத்தா இல்லை, அவருடைய பெரியப்பா மகன்.

இதற்கு ஒரு வழி: ஆளைப் பெயரால் எழுதாமல் நிலத்தால் எழுதுங்கள். 'ஓடைக்காட்டுச் சின்னச்சாமி', 'பலாமரத்துக் கொல்லை சின்னச்சாமி.' ஊரில் அப்படித்தான் ஏற்கெனவே கூப்பிடுகிறார்கள். பட்டப்பெயர் இருந்தால் அதையும் கூச்சப்படாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

6. காஞ்சிபுரத்துக் கதை கட்டாயம் வரும். காஞ்சியிலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்து சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று பிரிந்து தங்கினார்கள். அவர்கள் வழியில் வந்தவர்களே இந்த மலைகளின் மலையாளிப் பழங்குடியினர் என்பது அந்தக் கதை. 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த தர்ஸ்டனின் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலிலும் இது பதிவாகியிருக்கிறது. எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனார், யாரைக் கட்டினார் என்று உங்கள் வீட்டுப் பெரியவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். புத்தகத்தைப் பார்த்துத் திருத்தாதீர்கள்.

அதே நேரம், அதைக் கொண்டுபோய் உங்கள் மரத்தோடு ஒட்டவும் வேண்டாம். உங்களுக்குப் பெயர் தெரிந்த கடைசித் தாத்தாவுக்கும் அந்தச் சின்னண்ணனுக்கும் நடுவே எத்தனை தலைமுறை என்று யாரிடமும் கணக்கில்லை. தாளில் அந்த இடம் வெற்றாகவே இருக்கட்டும்.

7. வல்வில் ஓரியையும் மரத்தில் ஏற்ற வேண்டாம். சங்ககாலத்தில் இந்த மலையை ஆண்டவர், மலையமான் காரியின் கையில் இறந்தவர், செம்மேட்டில் சிலையாக நிற்பவர் என்ற பெருமை போதும். அவர் பெயரில் ஆடிப்பெருக்கை ஒட்டி நடக்கும் விழா வேறு விதத்தில் உதவும். ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள்கூட அப்போது 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஒரே நாளில் பத்து வீட்டுக் கணக்கை முடிக்கலாம்.

8. 'மலையாளி' என்று பழைய தாளில் பார்த்ததும் கேரளா பக்கம் போய்விடாதீர்கள். இது மலையை ஆளுகிறவர் என்ற பொருளில் வழங்கும் பெயர். அதே குடும்பம் ஒரு பத்திரத்தில் மலையாளி, இன்னொன்றில் வெள்ளாளக் கவுண்டர், வேறொன்றில் காராளர், பள்ளிக்கூடத்தில் வெறும் கவுண்டர் என்று இருக்கும். எழுதியவர் காதில் விழுந்ததை எழுதியிருப்பார். கீழ்நாட்டுக் கவுண்டர்களோடு குழப்பிக்கொண்டால் தேடல் வேறு ஜில்லாவுக்குப் போய்விடும்.

பழங்குடிச் சாதிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர்தான் தருகிறார். அதற்காக யாராவது முன்பே விண்ணப்பித்திருந்தால் அந்தக் கட்டோடு தாத்தா வரை வம்சாவளி இணைத்திருப்பார்கள். பெரியப்பா மகனுக்கு வாங்கினது உங்களுக்கும் பயன்படும். ஜெராக்ஸ் கேளுங்கள்.

9. வருஷத்தைத் தமிழில் சொன்னால் அறுபதைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். 'சர்வசித்து வருஷம் பொறந்தவன்' என்றால் 1947 ஆகவும் இருக்கலாம், 1887 ஆகவும் இருக்கலாம். ஆள் உயிரோடு இருந்தபோது பேரன் பிறந்தானா என்று இன்னொரு கேள்வி கேட்டால் எது என்று தெரிந்துவிடும்.

வருஷமே தெரியாதவர்களிடம் சம்பவத்தை வையுங்கள். தாது வருஷத்துப் பஞ்சம் என்றால் 1876-77. விஷக்காய்ச்சலில் ஊர் ஊராகச் செத்தார்கள் என்றால் 1918ஆகப் பாருங்கள். 'எம்.ஜி.ஆர். மொதல்ல ஜெயிச்சப்போ கைக்கொழந்தை' என்றால் 1977. மலைக்கு ரோடு வந்ததற்கு முன்னா பின்னா என்ற கேள்விக்கு எல்லாரிடமும் பதில் உண்டு. அந்தக் காலத்தில் அடிவாரத்துக் காரவள்ளி வரை தலைச்சுமையாக இறங்கியவர்களுக்கு அது மறக்காது.

10. நிலக் காகிதம் கேட்கும்போது ஜாக்கிரதை. "எதுக்குப்பா பழைய பட்டா?" என்ற கேள்விக்குள் 'பங்கு கேட்க வந்துட்டானோ' என்ற சந்தேகம் இருக்கும். நான் முதல் தடவை நேராகப் பத்திரத்தைக் கேட்டு, ஒரு சித்தப்பா வீட்டில் மூன்று மாதம் பேச்சே இல்லாமல் போனது. இப்போதெல்லாம் முதலில் கல்யாணப் பத்திரிகை, பிறகு போட்டோ, எல்லாம் பார்த்துக் காபி குடித்து முடித்தபின் காகிதம்.

11. இன்றைக்கு இணையத்தில் எடுக்கும் சிட்டாவில் இப்போதைய பட்டாதாரர்தான் இருப்பார். கணினிக்கு முந்தின, கையால் எழுதிய அ-பதிவேட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். சர்வே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போனால் வேலை சுலபம். பெயரைச் சொன்னால் எழுத்தர் பாவம் என்ன செய்வார், பக்கத்துக்குப் பத்து சின்னச்சாமி.

நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1இல்தான். அதற்கு முன் சேலம். இன்னும் முன்னால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் நாமக்கல் தாலுகா திருச்சியோடு இருந்தது. ஒரு காலத்துக் காகிதம் நாமக்கல்லில் இல்லை என்றால் தொலைந்தது என்று அர்த்தமில்லை. மாவட்டத்தின் பழைய நிலவரம் தெரிய லெஃபானுவின் 1883ஆம் ஆண்டுச் சேலம் மாவட்டக் கையேடும், ரிச்சர்ட்ஸின் 1918ஆம் ஆண்டுச் சேலம் கெசட்டியரும் உண்டு. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் இவற்றைப் பார்த்துவிட்டுப் போனால் எந்த வருஷத்துக் கட்டைக் கேட்பது என்று தெரியும்.

12. பத்திரத்தில் தேதி உள்ள மூலை கிழிந்து போயிருந்தால் முத்திரைத்தாளின் தலையைப் பாருங்கள். விக்டோரியா ராணி என்றால் 1901 வாக்கிலோ அதற்கு முன்னாலோ. எட்வர்டு 1910 வரை. ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரை. பிறகு ஆறாம் ஜார்ஜ். பழைய இருப்பை மறுவருஷமும் விற்றிருப்பார்கள் என்பதால் ஒன்றிரண்டு வருஷம் முன்பின் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர் பெயரோடு நிறுத்தாதீர்கள். கீழே சாட்சிக் கையெழுத்தும் கைநாட்டும் இருக்கும். சாட்சி போட்டவர்கள் பெரும்பாலும் பங்காளியோ மச்சானோதான். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி ஒருவர் இருந்ததே ஒரு அடமானப் பத்திரத்துச் சாட்சிக் கைநாட்டில்தான் தெரியவந்தது. பிள்ளை இல்லாமல் போனவர், யாரும் பேசுவதில்லை.

13. பிறப்பு, இறப்புப் பதிவை முன்பு ஊர் மணியக்காரர் வைத்திருந்தார். 1980இல் தமிழக அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகளை நீக்கியபோது எல்லாக் கணக்கும் ஒழுங்காகக் கைமாறியது என்று சொல்ல முடியாது. அவர் குடும்பத்தில் யாராவது இருந்தால் பரணில் என்ன இருக்கிறது என்று மரியாதையாகக் கேட்டுப் பார்க்கலாம். மலையில் வீட்டில் பிறந்து வீட்டில் இறந்த பலருக்குப் பதிவே இருக்காது. அதற்காக மனம் தளர வேண்டாம்.

14. பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியைப் பாதிதான் நம்புங்கள். எங்கள் வீட்டில் ஐந்து பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்திருக்கிறார்கள். வாத்தியார் கையைத் தலைக்கு மேலே போட்டுக் காதைத் தொடச் சொல்லி வயசு போட்ட காலம் அது. தகப்பனார் பெயருக்கும் ஊருக்கும் அந்தத் தாள் நல்ல சாட்சி.

15. மொய் நோட்டு! இதைவிட நல்ல ஆவணத்தை நான் பார்க்கவில்லை. ஊர், தகப்பன் பெயர், ஆள் பெயர், தொகை, எல்லாம் ஒரே வரியில். முதல் பக்கத்தில் தாய்மாமன் சீர். அடுத்துப் பங்காளிகள். பிறகு சம்பந்திகள். எழுதிய வரிசையே உறவின் வரிசை. காதுகுத்து நோட்டையும் கல்யாண நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இடையில் யார் இறந்தார், யார் வீட்டில் மகன் தலையெடுத்தான் என்பதுகூடத் தெரியும். கருமாதிப் பத்திரிகையையும் தூக்கிப் போடாதீர்கள்.

16. குடும்பத்தில் யாராவது கிறிஸ்தவர் ஆகியிருந்தால் சபைப் பதிவேட்டைக் கேளுங்கள். ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரித் தம்பதி 1913இல் மலையேறி வாழவந்தியில் தங்கினார்கள். அவர்கள் மகன் பால் பிராண்ட் 1914இல் இங்கே பிறந்தவர். பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயால் மடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகப் பெயர் பெற்றவர். ஜெஸ்ஸி 1929இல் காய்ச்சலில் மலையிலேயே இறந்தார். அவர்கள் பாப்டிஸ்டுகள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, வளர்ந்து தானே கேட்பவருக்குத்தான். ஆகவே அந்தப் பதிவேட்டுத் தேதியைப் பிறந்த வருஷமாக எழுதிவிடாதீர்கள். பழைய மிஷன் போட்டோ கிடைத்தால் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்.

17. கிடைத்த காகிதத்தை லேமினேஷன் போடாதீர்கள். சூட்டில் மசி கருகும், பிறகு பிரிக்கவே முடியாது. மலையில் ஐப்பசி கார்த்திகை மூட்டத்துக்குத் தகரப்பெட்டியே வியர்க்கும். மடிப்பை மெல்ல நீவி, வெள்ளைத் தாள் இடையிட்டு, பருத்தித் துணியில் சுற்றி, கூடவே ஒரு துண்டு வசம்பு. அடுப்புக்கு மேல் அட்டாலியில் இருந்த கட்டுகள் புகை ஏறிக் கறுத்திருந்தாலும் பூச்சி அரிக்காமல் தப்பியிருக்கும். கறுப்பைத் துடைக்க ஈரத்துணி எடுக்க வேண்டாம்.

கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட போட்டோவைப் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு, சாய்ந்த வெளிச்சத்தில், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

18. ஓடிப்போன கல்யாணம், இரண்டாம் தாரம், ஊர் ஒதுக்கி வைத்தது எல்லாம் தெரியவரும். எழுதுங்கள், ஆனால் தனி நோட்டில். வாட்ஸப் குடும்பக் குழுவில் போடும் மரத்தில் அது வேண்டாம்.

19. வரைந்த மரத்தை வருஷத்துக்கு ஒருமுறை மலைக்குக் கொண்டுபோய்ப் பெரியவர்கள் முன்னால் விரியுங்கள். தப்பைப் பார்த்தால் யாராலும் சும்மா இருக்க முடியாது. நான் கேட்டபோது "ஒண்ணும் ஞாபகமில்லப்பா" என்று சொன்ன அதே பெரியம்மா, போன ஆடியில் அட்டையில் விரலை ஊன்றி, "இவளை எங்கடா கொண்டாந்து ஒட்டியிருக்க? இவ சேளூரு நாட்டுக்காரி, உங்க அப்பாயிக்கு அத்தை முறை" என்றார். பென்சிலில் எழுதியிருந்ததால் தப்பித்தேன்.