சீருடையோடு விமானம் ஏறலாமா?

அமெரிக்கப் படையில் இருக்கும் பிள்ளைகள் விடுப்பில் கிளம்பும்போது சீருடை வேண்டாம். ஜீன்ஸும் சட்டையுமே நல்லது. வெளிநாட்டுப் பயணம் என்றால் இதில் இரண்டாம் யோசனையே கூடாது. 1985 ஜூனில் ஏதென்ஸிலிருந்து ரோமுக்குப் புறப்பட்ட டி.டபிள்யூ.ஏ. 847 விமானம் கடத்தப்பட்டது. அதிலிருந்த ராபர்ட் ஸ்டெதம் என்ற இளைஞரைக் கடற்படைக்காரர் என்று தெரிந்துகொண்டுதான் கடத்தல்காரர்கள் கொன்றார்கள்.

படை ஆள் என்று தெரிவதே ஆபத்து. ஆகவே உடையை மட்டும் மாற்றினால் போதாது. படைப்பிரிவின் பெயர் போட்ட டி-ஷர்ட், படைச் சீருடைபோல் உருமறைப்பு வண்ணமிட்ட துணிப் பை, கழுத்தில் தொங்கும் அடையாளத் தகடு எல்லாமே காட்டிக்கொடுக்கும். பெட்டியின் சீட்டில் பெயரும் செல்பேசி எண்ணும் இருக்கட்டும். பதவியும் முகாம் முகவரியும் எதற்கு? பக்கத்து இருக்கைக்காரர் அன்பாக விசாரித்தாலும் பணியிடத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

சீருடை இல்லாவிட்டால் சலுகை போய்விடுமே என்று தயங்க வேண்டாம். படை அடையாள அட்டையின் பின்புறம் உள்ள 10 இலக்க எண்ணை, டிக்கெட் எடுக்கும்போதே 'நோன் டிராவலர் நம்பர்' கட்டத்தில் நிரப்பிவிட்டால் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையை விரைவாக முடிக்கும் டி.எஸ்.ஏ. ப்ரீசெக் வரிசை இலவசமாகக் கிடைக்கும். சொந்த வேலையாகப் போனாலும் இது பொருந்தும். படையினருக்கான யு.எஸ்.ஓ. ஓய்வறைகளிலும் அட்டையைக் காட்டினால் போதும்.

உயிர்நீத்த வீரரின் உடலோடு துணையாகச் செல்பவர் மட்டும் முழுச் சீருடையில்தான் போகவேண்டும். அது அந்த வீரருக்கும் குடும்பத்துக்கும் செலுத்தும் மரியாதை. அப்படி ஒருவரைக் கண்டால், விமானம் நின்றதும் எழுந்து முண்டியடிக்காமல் அவரை முதலில் இறங்க விடுங்கள்.